கண்ணாடி துடைக்கும் கிளமென்ட்

ஸ்கூட்டரின் முகப்பு விளக்கை ஊதி ஊதி, பழைய பனியன் துணியால் துடைக்கிறார் கிளமென்ட். அடுத்து மூக்குக்கண்ணாடி. அதற்கடுத்து வாசல் பல்பு. அதற்கு ஸ்டூல் போட்டு ஏறுகிறார். பொன்மலையில் எங்களுக்குப் பக்கத்து வீடு. காலை ஏழரைக்குள் அந்த வீட்டில் கண்ணாடி என்று பேர் வைத்த எதுவும் தப்பாது. போன வாரம் என் ஜன்னலையும் துடைத்துவிட்டுப் போனார், ஒரு வார்த்தை கேட்கவில்லை!

கடற்படையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவர். விமானந்தாங்கிக் கப்பலில், இறங்க வரும் விமானிக்கு வழிகாட்டும் விளக்குகள் இவர் பொறுப்பு. சரியான சரிவில் வந்தால் விமானிக்குப் பச்சை தெரியும். உயர்ந்துவிட்டால் மஞ்சள், தாழ்ந்துவிட்டால் சிவப்பு. கப்பல் ஆடினாலும் அந்த ஒளி ஆடக்கூடாது. உப்புக்காற்று படியப் படிய லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். "மங்கலா தெரிஞ்சா லைட்டுல கோளாறு இருக்காதுங்க. கண்ணாடியிலதான் அழுக்கு. தொடச்சா போயிடும்" என்பார்.

துளி சந்தேகம் வந்தாலும் மேல்தளத்தில் நிற்கும் அதிகாரி விமானத்தை இறங்க விடாமல் திருப்பி அனுப்பிவிடுவாராம். விமானிக்குக் கோபம் வராதா என்று கேட்டேன். "வரட்டுமே! கோபப்பட ஆளு இருக்கான்ல, அது போதும்."

ஒரு வருடமாக அவருக்கு எல்லாமே மங்கல். இந்தத் துடைப்பெல்லாம் அதனால்தான். அறுபது தாண்டினால் கண்ணில் புரை விழும் என்பது ஊருக்கே தெரியும். இந்த மனுஷனுக்கு மட்டும் அழுக்கு கண்ணாடியில்தான். மனைவி லூர்துராணி டீச்சர் ஜாடையாகச் சொன்னார், நேராகவும் சொல்லிப் பார்த்தார். "என் கண்ணுக்கு ஒண்ணுமில்ல ராணி, நீ ஏறு." டீச்சருக்கு ஓட்டத் தெரியும், லைசென்ஸும் இருக்கிறது. ஆனாலும் திருவானைக்காவல் பள்ளிக்கூடம் வரை பின்னால் உட்கார்ந்து செபமாலை உருட்டிக்கொண்டு போவார்.

செவ்வாய்க்கிழமை நான் டீக்கடையில் நின்றிருந்தேன். காலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும் திருப்பம் அது. ஒர்க்‌ஷாப் ஷிப்டுக்குப் போன ஒருவரின் சைக்கிளை ஸ்கூட்டர் உரசிக்கொண்டு போனது. டீச்சர் அலறிய பிறகுதான் கிளமென்ட் நிறுத்தினார்.

சைக்கிள்காரர் காலை ஊன்றித் தப்பித்துக்கொண்டார். "என்ன சார், கையக் காட்டிட்டுத்தானே திரும்பினேன்?"

"சைக்கிளா?" என்றார் கிளமென்ட். "நீங்க எங்க இருந்தீங்க?"

"உங்களுக்கு முன்னாடிதாங்க."

டீச்சர் வண்டியிலிருந்து இறங்கி நின்றார், உதடு துடித்தது. கிளமென்ட் கிட்டே போய், வெகு கிட்டே போய், அந்த முகத்தைப் பார்த்தார்.

"ஸ்கூலுக்கு லீவு சொல்லிடு ராணி. கண் ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

டீக்கடை மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் ஏறி ஹேண்டிலைப் பிடித்தார். சாப்பாட்டுப் பையைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்த கிளமென்ட், இரண்டு கையாலும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.