ஐந்து காசும் ஒரு ஜோடிக் கொலுசும்

என் மாமா, அம்மாவின் தம்பி, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் டெய்லர். சரக்கு எடுக்க வந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர், மாமா தைத்த சட்டை பிடித்துப்போய் ஒரு அமெரிக்க வெள்ளி டாலரைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பழைய காலத்துக் காசு. அதிலிருந்து மாமாவுக்குக் கிறுக்குப் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கோயமுத்தூர் போய்ப் பழைய காசு வியாபாரிகளோடு உட்கார்ந்திருப்பார். ஆறு வருடத்தில் மொத்தம் ஐந்து சேர்ந்தது.

ஒவ்வொன்றையும் வெட்டுத்துணியில் சுற்றி வைத்திருப்பார். ஒரு பக்கம் ஒரு பெண்ணின் தலை, மறுபக்கம் கழுகு. விளிம்பை மட்டும்தான் பிடிக்க வேண்டும். எனக்கு ஐந்தும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

“வருசத்தப் பாரு கண்ணு. இந்த ஒண்ணு லேசுல ஆருக்கும் சிக்காது” என்பார்.

பார்த்தேன். வெறும் எண்தான் இருந்தது.

எட்டு வயதில் எனக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கம்பெனியில் ஆர்டர் இல்லை. மாமா இரண்டு மாதமாக வீட்டில் இருந்தார். தோட்டுக்கு மட்டும் எப்படியோ ஏற்பாடு செய்தார். கொலுசு அப்புறம் பார்க்கலாம் என்றார்.

ஒரு நாள் அத்தை, மாமாவின் மனைவி, கால் அளவு எடுக்க வேண்டும் என்று என்னை வெள்ளிப் பட்டறைக்குக் கூட்டிப் போனார். அங்கே முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஐந்து காசும் இருந்தன.

ஆசாரி ஒன்றை உரசிப் பார்த்தார். “நல்ல வெள்ளிதானுங்க. உருக்கிரலாமுங்களா?”

“உருக்கிருங்க.”

“மாமாவுக்குத் தெரியுமா அத்தை?” என்றேன்.

“சொல்லிப்போடாத கண்ணு. சபையில உங்க மாமா வெறுங்கையோட நிக்கறதா? வெள்ளி எங்கயும் போயிராது. உங்கால்லதான கெடக்கப் போகுது.”

சரி என்றுதான் பட்டது. ஆனால் விளிம்பை மட்டும் பிடிக்கச் சொன்ன காசுகளை ஆசாரி முழுக்கையால் அள்ளினார். மாமா சொன்னது சரியா, அத்தை செய்தது சரியா, தெரியவில்லை. மாமாவைப் பார்த்தால் உளறிவிடுவேன் என்று விசேஷம் வரைக்கும் அவர் வீட்டுப்பக்கமே போகவில்லை.

ஊத்துக்குளியில் கோயிலில் வைத்துக் காது குத்தினார்கள். கடைசி நேரத்தில்தான் அத்தை கொலுசைச் சீர்த்தட்டில் வைத்தார். பெரியப்பா அதைத் தூக்கிப் பார்த்தார்.

“கம்பெனி சாத்திக் கெடக்குதுன்னாங்க. மாப்ள ஆனைக்குப் போடறாப்பல கொண்டாந்திருக்காரு!”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவுக்கு முகம் பூரித்துப் போனது. மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தார்.

கொலுசு மாட்டுவதும் மாமாதான். என் காலை மடியில் வைத்துத் திருகாணியைத் திருகினார். குனிந்து மெதுவாகக் கேட்டார்.

“அஞ்சுமா கண்ணு?”

தலையாட்டினேன்.

“அந்த ஒண்ணுமா?”

அதற்கும் ஆட்டினேன். திருகாணி இறுகிவிட்டதா என்று இழுத்துப் பார்த்தார். பிறகு அடுத்த காலை எடுத்தார்.

“எந்திரிச்சு நட, பாக்கலாம்.”

நடந்தேன். கோயில் பூராவும் சத்தம் கேட்டது.

“நல்லா இருக்குதுங்களா மாமா?”

“அம்சமா இருக்குது.”

பந்தியில் மாமா நன்றாகச் சாப்பிட்டார். அத்தையிடம் இரண்டாம் தரம் ரசம் கேட்டு வாங்கினார். வீட்டில் சண்டை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அடுத்த ஞாயிறு மாமா கோயமுத்தூர் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. ஏனுங்க மாமா என்றதற்கு, பஸ்ஸில் கூட்டம் என்றார்.

இவ்வளவுதானா என்றிருந்தது எனக்கு. அந்தக் காசுகள் மேல் மாமாவுக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை போல என்றுதான் நினைத்தேன்.