ஐந்தாவது ஏன்

குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் தொழில். ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டியில் இருக்கிறேன். லைனிலிருந்து வரும் பாகத்தை விளக்குக்கு நேரே திருப்பிப் பார்ப்பேன். கீறலோ விரிசலோ இருந்தால் சிவப்புத் தொட்டியில் போடுவேன். வேலை முடிந்த பிறகும் அந்தப் புத்தி என்னை விடாது. ஹோட்டலில் தோசை ஓரம் கருகியிருந்தால் மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டுவேன். "ஒங்கூட வந்தா தோசைக்கும் ரிப்போர்ட் எழுதுவ, நான் வரல" என்பான் தம்பி. சொல்லிவிட்டு எனக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பான்.

எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஊரில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த தம்பியை நான்தான் இங்கே கூப்பிட்டேன். எங்கள் கம்பெனியிலேயே வேறு லைனில் சேர்த்துவிட்டேன். இருங்காட்டுக்கோட்டையில் என் அறையிலேயே தங்கினான். துண்டை என் கட்டிலில் போடுவான், நான் கத்துவேன், மறுநாளும் அங்கேதான் போடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பென்னலூர் பக்கம் காலி மனையில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தோம். பந்தைத் துரத்தி ஓடியவன் பாதியில் உட்கார்ந்தான். பிறகு சாய்ந்தான். நடிக்கிறான் என்று எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. பிறவியிலேயே அவனுக்கு இதயத்தின் தசை தடித்திருந்ததாம். வெளியே ஒன்றும் தெரியாதாம். "நீங்க யாரும் எதுவும் செஞ்சிருக்க முடியாது தம்பி" என்றார் டாக்டர். காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் 'ஒய்-ஒய்' என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரு பாகம் கெட்டுப்போனால் ஏன் என்று கேட்க வேண்டும். வரும் பதிலைப் பிடித்துக்கொண்டு அது ஏன் என்று திரும்பவும் கேட்க வேண்டும். இப்படி ஐந்து முறை கேட்டால் அடியில் இருக்கும் காரணம் அகப்பட்டுவிடும் என்பது கணக்கு. புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். காரணமில்லாமல் எதுவும் கெடாது என்று அடித்துச் சொல்வேன்.

தம்பியை ஊரில் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பி வந்தபோது, அந்த ஒய்-ஒய்யும் என்னோடு அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஏன் செத்தான்? இதயம் நின்றுவிட்டது. ஏன் நின்றது? களைத்திருந்தான். ஏன் களைத்திருந்தான்? முந்தின நாள் லீவாக இருந்தும் போய் ஓ.டி. பார்த்தான். ஏன் ஓ.டி. பார்த்தான்? வீட்டில் சும்மா படுத்திருக்காதே, போ என்று நான்தான் சொன்னேன். நான் சொன்னால் கேட்கும்படி அவன் ஏன் இந்த ஊரில் இருந்தான்? நான்தான் கூப்பிட்டேன். எந்தப் பக்கமிருந்து ஆரம்பித்தாலும் ஐந்தாவது ஏனில் நான் நின்றுகொண்டிருந்தேன். பல் தேய்க்கும்போதும், கம்பெனி பஸ்ஸில் நின்றபோதும் அதே ஐந்து கேள்விகள்.

ஊருக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. போனில் அவள் எப்போதும் கேட்கிற முதல் கேள்வி "சாப்ட்டியாய்யா?" என்பதுதான். தம்பி போன பிறகு அதை அவள் கேட்கவேயில்லை. "ம்" என்பாள், நான் "ம்" என்பேன், வைத்துவிடுவோம். அவளும் ஐந்தாவது ஏனுக்கு வந்துவிட்டாள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

கீழ் வீட்டில் இருந்த வீட்டுக்கார அக்கா ஒரு நாள் படியேறி வந்தார். "இன்னாபா, இப்டி எளைச்சிப் பூட்ட? வூட்டுக்குப் போயி அம்மாகூட கொஞ்ச நாள் இருந்துட்டு வாயேன். அந்தம்மாவும் தனியாத்தான கீது?" என்றார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. உங்கள் வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். பாவம், நல்ல மனுஷி.

வேலையிலும் அது தொற்றிக்கொண்டது. நல்ல பாகங்களையெல்லாம் சிவப்புத் தொட்டியில் போட ஆரம்பித்தேன். எதைப் பார்த்தாலும் உள்ளே எங்கேயோ விரிசல் இருப்பதாகவே பட்டது. நான் கவனிக்காமல் விட்டால் எங்கேயோ ஒரு வண்டியில் பிரேக் பிடிக்காது, யாரோ சாவார்கள். ஒரு காலையில் சிவப்புத் தொட்டி நிரம்பி லைனே நின்றது. சூப்பர்வைசர் ஓடி வந்தார். நான்கைந்து பாகங்களை எடுத்து அளந்து பார்த்தார். என்னை ஒன்றும் திட்டவில்லை. தோளைப் பிடித்து வெளியே கூட்டிப் போய், "யார்கிட்டயாவது பேசுபா" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஸ்ரீபெரும்புதூரில் மருந்துக்கடை மாடியில் ஒரு மனநல ஆலோசகர் உட்கார்வார் என்று சொல்லி அனுப்பினார். போய்ப் பார்த்தால் என்னைவிடச் சின்னப் பெண். இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். அவர் தம்பியைப் பற்றிக் கேட்டார். நான் ஒய்-ஒய்யைச் சொன்னேன். அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. வகுப்பு எடுப்பதுபோல் விளக்கிவிட்டு, ஐந்து ஏன்களையும் வரிசையாக ஒப்பித்தேன்.

"சார், உங்க லைன்ல ஒருத்தர் இப்படி ஒரு ஒய்-ஒய் போட்டு எடுத்துட்டு வந்தா கையெழுத்துப் போடுவீங்களா?" என்று கேட்டார்.

"தூக்கி மூஞ்சில எறிவேன்" என்று சொல்லிவிட்டேன். யோசிக்காமல் வந்த வார்த்தை.

"ஏன்?"

பதில் எனக்குத் தெரியும். தினமும் சொல்கிற பதில்தான். களைத்திருந்தான் என்பதற்கு ஆதாரம் எங்கே? அவனோடு ஓ.டி. பார்த்த மொத்த லைனும் திங்கட்கிழமை வேலைக்கு வந்ததே? டாக்டர் சொன்ன காரணம் இந்த வரிசையில் ஏன் இல்லை? எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் தொழிலில் கடைசி ஏனில் ஒரு ஆளின் பெயர் வந்தால் அந்த ஒய்-ஒய்யே செல்லாது. ஆள்மேல் பழியைப் போடுவது காரணம் கண்டுபிடிப்பது ஆகாது. இதைச் சொல்லிச் சொல்லியே எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதே வாயால் இவ்வளவையும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். சொல்லி முடித்ததும் கோபம் வந்தது. என்னையே எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்துவிட்டாள் என்று எழுந்து வந்துவிட்டேன்.

இருந்தாலும் அடுத்த வாரம் போனேன். அதற்கடுத்த வாரமும் போனேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒன்றை அடித்துச் சொன்னால், "அப்படின்னு தோணுதா, இல்ல அப்படித்தான்னு தெரியுமா?" என்று கேட்பார். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அந்தக் கேள்வியை நானே கேட்டுக்கொள்ள ஆரம்பித்தேன். பாகத்தைக் கையில் எடுத்தால், விரிசல் இருக்கிறதா, இருப்பதாகத் தோன்றுகிறதா? மெல்ல மெல்லச் சிவப்புத் தொட்டி காலியானது.

குணமாவது சுகமாக இருக்கும் என்று யார் சொன்னார்களோ தெரியாது. எனக்கு அப்படி இல்லை. தப்பு என் தலையில் இருந்தவரை எனக்கு அழுகை வந்ததில்லை. அது இறங்கிய பிறகு அங்கே தம்பி மட்டும்தான் இருந்தான், செத்துப்போன தம்பி. அறைக்கு வந்து என் கட்டிலில் துண்டு கிடக்கிறதா என்று பார்ப்பேன். இருக்காது. உட்கார்ந்து அழுவேன்.

"அம்மா என்மேலதான் பழி போடுறாங்க" என்று ஒரு நாள் ஆலோசகரிடம் சொன்னேன். தோணுதா, தெரியுமா என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொண்டேன். ஆயுத பூஜை விடுமுறைக்கு ஊருக்கு பஸ் ஏறினேன்.

அம்மா அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன்.

"எம்மா, அவன நான் கூப்ட்டதாலதான் இப்படி ஆச்சின்னு நெனைக்கியா?"

அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "நீயா? அவன் போவமாட்டேன்னுதானய்யா சொன்னான். பஸ் ஸ்டாண்டுல வச்சி அழுதான். அண்ணன் இருக்கான், போடான்னு நாந்தான் ஏத்தி விட்டேன். அதுக்குத்தான நீ எங்கிட்ட மொகங்குடுத்துப் பேச மாட்டேங்க?"

அவளிடமும் ஒரு ஒய்-ஒய் இருந்தது. அதன் கடைசி ஏனில் அவள் நின்றுகொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பிறவியிலேயே இருந்தது, ஊரில் இருந்தாலும் நடந்திருக்கும், ஒன் தப்பும் இல்ல, என் தப்பும் இல்ல என்றேன். மருந்துக்கடை மாடியில் கற்ற அத்தனையையும் சொன்னேன். அவள் முழுதாகக் கேட்டாள்.

"யாரு தப்பும் இல்லைன்னா, எம்புள்ள சும்மாவாய்யா செத்தான்?"

"ஆமாம்மா" என்றேன். "சும்மாதாம்மா செத்தான்."

அம்மா வெகுநேரம் அழுதாள். நானும் அழுதேன். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இத்தனை மாதமும் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டாள்.

"அன்னைக்கு அவன் சாப்ட்டானா?"

காரணம் தேடிய நாட்களில் அந்தக் காலையை ஆயிரம் தடவை புரட்டியிருப்பேன். எந்த ஏனுக்கும் விடையாக வராததால் இதை மட்டும் யாரிடமும் நான் சொன்னதில்லை.

"சாப்ட்டாம்மா. வண்டிக்கடையில இட்லி. அவனுக்கு வச்சதும் பத்தாம எந்தட்டுல இருந்த வடையையும் எடுத்துத் தின்னுட்டுத்தான் வெளாடப் போனான்."