இடது கைக்கும் ஒன்று

எங்கள் நான்கு பேருக்கும் கிட்டார் பைத்தியம். தேயிலை மலையில் உட்கார்ந்துகொண்டு இதென்ன பைத்தியம் என்று கேட்கிறவர்கள் உண்டு. குளிர் ஊரில் ஆளுக்கொன்று வேண்டியிருக்கிறது. சிலர் கிளி வளர்க்கிறார்கள், சிலர் பக்கத்து வீட்டுக் கதை வளர்க்கிறார்கள். நாங்கள் கிட்டார் வாசிக்கிறோம், அவ்வளவுதான்.

ஒருவர் காய்கறி லோரி ஓட்டுகிற தம்பி. ஒருவர் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் அண்ணன். மூன்றாவது, என் தங்கை வீட்டுக்காரர், பிரிஞ்சாங் பக்கத்தில் பூத்தோட்டம் வைத்திருக்கிற மாப்பிள்ளை. நான் தோட்டத்து ஃபேக்டரியில் பேக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். நாள் முழுக்கத் தேயிலைத் தூளில் தும்மிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கிட்டாரை எடுப்பேன். கல்யாணம், தீபாவளி விருந்து, கோவில் திருவிழா என்று யார் கூப்பிட்டாலும் நாங்கள் நால்வரும்தான் போவோம். கூப்பிடாவிட்டாலும் போன இடங்கள் உண்டு.

நான் இடது கைக்காரி. சாப்பிடுவதை, எழுதுவதை, கோவிலில் திருநீறு வாங்குவதையெல்லாம் அம்மா அடித்தும் கெஞ்சியும் வலது கைக்கு மாற்றிவிட்டார். கிட்டார் மட்டும் தப்பித்தது. அதை எந்தக் கையால் வாசிக்க வேண்டும் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் சட்டம் தெரியாது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன என் கூடப்பிறந்த அண்ணன் சுவரில் மாட்டிவிட்டுப் போன கிட்டாரை நான் இறக்கி, எனக்கு வசதியான பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். கம்பிகளை மாற்றிக் கட்டவேண்டும் என்பதும் தெரியாது. மற்றவர்களுக்குத் தடித்த கம்பி மேலே இருக்கும். எனக்கு மெல்லிய கம்பி மேலே, தடித்த கம்பி கீழே. ஆக மொத்தம் தலைகீழ். இதற்கு மட்டும் அம்மா, "கொழுந்து கிள்ளும்போது எந்தக் கைன்னு எந்தத் துரையும் கேட்டதில்ல, வாசிடி" என்றார்.

அப்படியே கற்றுக்கொண்டேன். இன்றும் அப்படியேதான் வாசிக்கிறேன், நன்றாகவே வாசிக்கிறேன். அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

ஆனால் தலைகீழ் வாசிப்பில் இரண்டு தொல்லை. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் என் முழங்கைக்கு அடியில் வந்துவிடும். உற்சாகத்தில் கை வீசினால் பாட்டு நடுவில் சத்தம் செத்துப்போகும். அதற்குப் பிளாஸ்திரி ஒட்டிச் சமாளித்தேன். இரண்டாவதற்குப் பிளாஸ்திரி கிடையாது. கிட்டாரின் கழுத்து உடம்போடு சேரும் இடத்தில், கீழ்ப்பக்கம் மட்டும் மரத்தை வளைத்து வெட்டியிருப்பார்கள். உச்ச சுரங்களுக்கு விரல் போவதற்கான வழி அது. நான் திருப்பிப் பிடித்தால் அந்த வழி மேலே போய்விடும், கீழே முழு மரம் வந்து நிற்கும். என் கை அதில் போய் முட்டிக்கொள்ளும். அதற்கு மேல் போக முடியாது.

எங்கள் தோட்டத்துக் கோவிலில் தேர் புறப்படும்போது வாசிப்பதற்கென்று நாங்களே கட்டிய மெட்டு ஒன்று இருக்கிறது. வார்த்தை இல்லாத மெட்டு, கிட்டாரும் மேளமும் மட்டும். நடுவில் அது ஏறும், ஏறிக்கொண்டே போகும். கையை மரம் தடுக்கிற இடம் வந்ததும் நான் என்ன செய்வேன்? வாயால் பாடிவிடுவேன். "ம்ம்ம்" என்று மீதிச் சுரங்களைத் தொண்டையில் ஏற்றி, இறங்கும்போது மறுபடி விரலில் பிடித்துக்கொள்வேன். முதல் வருஷம் சிரித்தார்கள். அடுத்தடுத்த வருஷங்களில் ஜனமே என்னோடு சேர்ந்து முனக ஆரம்பித்துவிட்டது. இப்போது அது வழக்கம். தேர் அசையும்போது மொத்தத் தோட்டமும் "ம்ம்ம்" என்று ஏறும். வெளியூரிலிருந்து வந்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக் கும்பிடுவார்கள்.

எல்லோருக்கும் அது அழகு. எனக்கு மட்டும் அந்த இடம் வரும்போதெல்லாம் வயிறு எரியும். என் மெட்டின் உச்சியை ஒரு தடவையாவது என் விரலால் தொட வேண்டும் என்பதுதான் என் ஆசை. வேறு பெரிய ஆசை எதுவும் எனக்கு இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

நாங்கள் நால்வரும் விரும்புகிற கிட்டார்க் கம்பெனி ஒன்று உண்டு. வருஷா வருஷம் புதுக் கிட்டார்களை வரிசையாக வீடியோவில் அறிமுகப்படுத்துவார்கள். மாப்பிள்ளையின் பூக்கொட்டகையில் பெரிய டிவி இருக்கிறது. செவ்வந்தி வாளிகளை ஒதுக்கிவிட்டு, கோப்பி போட்டு வைத்துக்கொண்டு உட்காருவோம். இடது கைக் கிட்டார் வருமா என்பதுதான் ஒவ்வொரு வருஷமும் எங்கள் கேள்வி. வந்த வருஷங்களிலும் விலை உயர்ந்த ரகத்தில் ஒன்றே ஒன்று, அதுவும் இந்தப் பக்கம் வராது. இடது கைக்காரர்கள் எல்லோரும் மாளிகையில் வசிப்பதாக அந்தக் கம்பெனிக்கு ஒரு நம்பிக்கை. சாதாரண ரகத்தில் இடது கை வரும்வரை அவர்களுடைய கிட்டாரை வாங்குவதில்லை என்று மற்ற மூவரும் எனக்காகச் சபதம் எடுத்திருந்தார்கள். கம்பெனிக்கு இந்தச் சபதம் எப்படித் தெரியும் என்று நான் கேட்டபோது இன்னொரு கோப்பி ஊற்றிக் கொடுத்தார்கள். லோரித் தம்பி ஒருபடி மேலே போய், அப்படி ஒன்று வந்தால் மீசையை எடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். மீசை முளைத்த நாளிலிருந்து அவன் அதைத் தொட்டதில்லை.

இந்த வருஷமும் உட்கார்ந்தோம். முதல் கிட்டார் வந்ததுமே சண்டை ஆரம்பமாகிவிட்டது. அந்த நிறம் மிளகாய்ச் சம்பால் காய்ந்துபோன மாதிரி இருப்பதாக மாப்பிள்ளை சொன்னார். ஆஸ்பத்திரி அண்ணன் எந்தப் புதுசையும் ஒப்புக்கொள்ள மாட்டார். போன வருஷத்துக் கிட்டாருக்கே பெயிண்ட் அடித்து அனுப்பியிருக்கிறார்கள் என்றார். போன வருஷமும் இதையேதான் சொன்னார். தம்பிக்கோ எல்லாமே பிடித்துவிடும். ஒவ்வொன்றையும் பார்த்து, வாழ்ந்தால் இதோடுதான் என்று பெண் பார்க்க வந்தவன் மாதிரி உருகுவான். மரம் நம் ஈரத்துக்குத் தாங்குமா, கழுத்து வளையுமா, மூன்று கிட்டார் இருக்கிற வீட்டுக்கு நான்காவதைப் பெண்சாதி உள்ளே விடுவாளா என்று பேச்சு எங்கெங்கோ போனது. நான் எதிலும் சேரவில்லை. படத்தின் ஓரத்தில் வரும் சின்ன எழுத்துகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தப் பழக்கம் வந்து ரொம்ப நாளாகிறது.

கடைசிக் கிட்டார். சாதாரண ரகம், கறுப்பு. கீழே சின்னதாக, இடது கைக்கும் உண்டு என்று போட்டிருந்தது.

நான் எழுந்துவிட்டேன். காலில் வாளி தட்டித் தண்ணீரும் செவ்வந்தியும் கொட்டியது. மாப்பிள்ளை பூவைப் பார்க்கவில்லை, டிவியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரி அண்ணன் படத்தைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். தம்பி மேலுதட்டைத் தடவிக்கொண்டான். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஈப்போவில் இருக்கிற ஒரு கடை அந்தப் புது வரிசையை ஊர் ஊராகக் கொண்டுவந்து காட்டுவதாகச் செய்தி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தானா ராத்தா மண்டபத்துக்கும் வந்தார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்து வாசித்துப் பார்க்கலாம். சுற்றுலா கார்கள் அடைத்துக்கொண்ட ரோட்டில் நாங்கள் காய்கறி லோரியிலேயே போய் இறங்கினோம். தம்பி மீசை இல்லாமல் வந்திருந்தான். வேக வைத்து உரித்த முட்டை மாதிரி இருந்தான். தோட்டத்திலிருந்தும் பாதி ஜனம் வந்திருந்தது. அக்காவுக்குக் கிட்டார் வந்திருக்கிறது என்று தம்பி லயம் லயமாகச் சொல்லிவைத்திருந்தான்.

கடைக்காரர் நல்ல மனுஷன். கறுப்புக் கிட்டாரை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். மாட்டிக்கொண்டேன். குமிழ்கள் என் முழங்கை படாத தூரத்தில், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. வெட்டு கீழே இருந்தது. உள்ளங்கையை அதில் வைத்துப் பார்த்தேன், கை தாராளமாகப் போனது. எங்கள் மெட்டைத் தொடங்கினேன்.

வந்தது சங்கீதம் இல்லை, சட்டி உருண்ட சத்தம்.

மறுபடி தொடங்கினேன், மறுபடியும் அதேதான். அப்போதுதான் குனிந்து கம்பிகளைப் பார்த்தேன். தடித்தது மேலே, மெல்லியது கீழே. உலகத்து இடது கைக்காரர்கள் வாசிக்கும் ஒழுங்கான முறை அது. நான் வாசிப்பது எந்தக் கம்பெனியும் செய்யாத முறை. இத்தனை வருஷம் இடது கை இடது கை என்று நால்வரும் கத்தினோமே, என் கம்பிகள் தலைகீழ் என்று ஒருவருக்காவது ஞாபகம் வந்ததா? எனக்கே வரவில்லை. எங்களுக்கு அது அவ்வளவு பழகிவிட்டது.

முகம் கொதித்தது எனக்கு. கடைக்காரர் மெதுவாக, இரண்டு மூன்று வருஷம் பழகினால் இந்த முறையும் வந்துவிடும் என்றார். இரண்டு மூன்று வருஷம்! எனக்கு வந்த கோபத்தில் வெட்கம் ஓடிவிட்டது. கம்பிகளை மாற்றிக் கட்டித் தர முடியுமா என்று கேட்டேன். அவர் கிட்டாரின் கழுத்து முனையைத் தடவிப் பார்த்தார். கம்பிகள் உட்காரும் வெள்ளைக் கட்டையையும் தட்டி எடுத்துத் திருப்பி வைக்க வேண்டும் என்றார்.

"செய்யலாம்மா. ஆனா கை வச்சிட்டா அப்புறம் இது உங்களுதுதான். பிடிக்கலன்னா திருப்பி எடுத்துக்க முடியாது."

ஆஸ்பத்திரி அண்ணன் என் காதருகே வந்து, வீட்டுக்குப் போய் யோசிக்கலாம் என்றார். வாசித்துப் பார்க்காமல் எப்படி வாங்குவது என்று மாப்பிள்ளையும் முனகினார். அவர்கள் சொன்னது நியாயம்தான். நான் அந்த வெட்டில் இன்னொரு தடவை கை வைத்துப் பார்த்தேன்.

"கழட்டுங்க லா," என்றேன்.

கழற்றினார். ஒரு துணியை விரித்து, கிட்டாரைப் படுக்க வைத்து, வெள்ளைக் கட்டையை மரத்துண்டால் பதமாகத் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் தம்பி கண்ணை மூடிக்கொண்டான். கட்டை வந்தது, திரும்பி உட்கார்ந்தது. புதுக் கம்பிகளை எங்கள் நால்வரின் எட்டுக் கையும் குறுக்கே விழ, அவர் பொறுமையாகக் கட்டி முடித்தார். மெல்லியது மேலே, தடித்தது கீழே. சுருதி சேர்த்து என்னிடம் கொடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

தொடங்கினேன். இந்தத் தடவை மெட்டு மெட்டாக வந்தது. ஆஸ்பத்திரி அண்ணன் பக்கத்திலிருந்த ஒரு புதுக் கிட்டாரை எடுத்துக் கூட வந்தார். புதுசு பிடிக்காது என்றவர் அதை அன்றைக்குக் கீழே வைக்கவே இல்லை. மெட்டு ஏற ஆரம்பித்தது. வழக்கமான இடம் நெருங்கியதும் தோட்டத்து ஜனம் மூச்சை இழுத்துக்கொண்டு தயாரானது. என் வாயும் பழக்கத்தில் திறந்துவிட்டது. மூடிக்கொண்டேன். கை வெட்டுக்குள் இறங்கியது. அங்கே மரம் இல்லை, வழி இருந்தது.

உச்சிச் சுரம் கம்பியில் வந்தது. மெலிசாக, சுத்தமாக வந்தது. என் தொண்டையில் ஒருநாளும் அது அப்படி இருந்ததில்லை. முனகத் தொடங்கியவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். தம்பி மீசை இல்லாத வாயைப் பிளந்துகொண்டு நின்றான். நான் இறங்கி வரவில்லை. அங்கேயே இன்னொரு சுற்று வாசித்தேன், அப்புறம் இன்னொன்று. சிரித்துக்கொண்டேதான் வாசித்தேன்.

முடித்தபோது கைதட்டல் எல்லாம் இருந்தது. இந்த மாதிரி இன்னொரு கிட்டார் தன் கடையிலிருந்து போனதில்லை என்று கடைக்காரர் சொன்னார். உலகத்திலேயே இல்லை என்று நான் திருத்தினேன்.

அந்த வருஷத் திருவிழாவுக்கு முன்னால் தோட்டத்தில் சொல்லிவிட்டேன். இனி யாரும் முனக வேண்டாம், அந்த இடத்தைக் கிட்டாரே பார்த்துக்கொள்ளும் என்று. எல்லோரும் தலையாட்டினார்கள். தேர் அசைந்தது, மெட்டு ஏறியது, அந்த இடம் வந்தது. மொத்த ஜனமும் "ம்ம்ம்" என்று போட்டது! என் உச்சிச் சுரம் அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை. வாசித்துக்கொண்டே திரும்பி முறைத்தேன். தேர்வடத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா அசரவில்லை.

"அது எங்க இடம்டி. நீ வேற இடம் பாத்துக்க."

பார்த்தேன். கையை வெட்டுக்குள் இன்னும் இறக்கினேன். கழுத்தின் கடைசி வரை போனேன். எந்தத் தொண்டையும் எட்டாத உயரம் அது. கீழே தோட்டம் முழுக்க முனகிக்கொண்டிருந்தது. அதற்கெல்லாம் மேலே என் கிட்டார் தனியாகக் கேட்டது. அம்மா வடத்தை இழுத்துக்கொண்டே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.