அத்தை முடித்துவைத்த பாடங்கள்

நீங்கள் எது வரைக்கும் படித்திருக்கிறீர்கள்? இந்தச் சின்னக் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. இன்று காலை திண்டிவனத்தில் ஒரு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போனில் கேட்டார். வீட்டிலிருந்தே செய்கிற புரோகிராமிங் வேலை. திங்கட்கிழமை நேரில் போய் ஒரு டெஸ்ட் எழுத வேண்டும். "சர்டிபிகேட் பாத்தோம் மேடம், எல்லா லெவலும் முடிச்சிருக்கீங்க. எது வரைக்கும் நல்லாத் தெரியும்?" பாப்பா அழுகிறாள் என்று சொல்லி வைத்துவிட்டேன். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள்.

வைத்த போனில் வசம்பு வாசனை. எங்கள் வீட்டில் இப்போது தலையணை முதல் தாளிப்புக் கரண்டி வரை வசம்பு வாசனைதான். பாப்பா பிறப்பதற்கு முன்னால் இதே போனில் மிளகாய் நெடி அடிக்கும். வீட்டுக்குப் பின்னால் மலை என்பதால் கீழே நெட் கிடைக்காது. மாடியில் மிளகாய் காயவைத்து, அதற்குக் காவலாக உட்கார்ந்துதான் படித்தேன். கணக்கில் டிகிரி வாங்கிவிட்டுக் காக்கா விரட்டுகிறோமே என்ற எரிச்சலில் ஒரு இலவச இணையதளத்தில் சேர்ந்திருந்தேன்.

தினம் ஒரு பாடம், அதன் அடியில் ஒரு பயிற்சி. உன் பெயரைத் திரையில் வரவழை. ஏழாம் வாய்ப்பாட்டை வரவழை. எனக்கு எதுவும் முதல் தடவையில் வந்ததில்லை. ஒரு அடைப்புக்குறியை மூட மறந்திருப்பேன், திரை சிவந்து போகும். தப்பாக எழுதியதெல்லாம் பயிற்சிக்குக் கீழே வரிசையாக இருக்கும். மறுநாள் அதைப் பார்த்தால் வெட்கமாக இருக்கும், ஆனால் எங்கே கோட்டைவிட்டேன் என்பதும் புரிந்துவிடும். வாய்ப்பாடு சரியாக வந்த அன்று மிளகாய்க் கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சந்தோஷத்தை எரிச்சலோடுதான் அனுபவித்தேன்.

திரையின் மேல்மூலையில் ஒரு குட்டி நெருப்புப் படம் உண்டு. தினமும் படித்தால் எரியும், ஒருநாள் விட்டால் அணைந்துவிடும். "இன்னாமா அது, எரியற மாதிரி?" என்று அத்தை, அதாவது என் மாமியார், ஒருநாள் கேட்டார். விளக்கிச் சொன்னேன். அவ்வளவு விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு, மேல்சித்தாமூருக்குப் போனேன். "பச்ச ஒடம்புக்காரி போனப் பாக்கக் கூடாது, கண்ணு கெட்டுப்பூடும்" என்று அம்மா அதைப் பிடுங்கி என் கணவரிடம் கொடுத்தனுப்பிவிட்டாள். போனும் செஞ்சிக்கு, அத்தை வீட்டுக்கே, திரும்பிவிட்டது.

மாதங்கள் கழித்துக் குழந்தையோடு வந்து இறங்கினேன். அத்தை ஆரத்தி சுற்றினார். தட்டை வைத்த கையோடு போனை எடுத்துவந்து நீட்டினார்.

"பாரு. நீ இல்லாத ஒரு நாள் கூட அணையவுடல."

நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே எல்லாப் பாடங்களும் முடிந்திருந்தன.

"எப்பிடி அத்த? இங்கிலீஷ்ல இல்ல இருக்குது?"

"அதுக்கின்னா. எதையாவது அமுக்கனா தப்புன்னுது. அப்பால விடை வேணுமான்னு ஒரு பட்டன் வருது. அத அமுக்கனா அதுவே எழுதிக்குது. அடுப்புல பால வெச்சுட்டு மாடி ஏறனா, பொங்கறதுக்குள்ள ஒன்னு முடிச்சுட்டு எறங்கிடுவேன்."

என் கணவர் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறார். அனந்தபுரம் லோடு இறக்கிவிட்டு வந்தவர் பெருமையாகச் சொன்னார், "சர்டிபிகேட்டும் வந்துச்சு. நாலு எடத்துக்கு அனுப்பி வெச்சிருக்கேன்."

"அது நான் படிச்சதில்லைங்க."

"படிச்ச பொண்ணு, ஒனக்குத் தெரியாததா?"

இந்த எரிச்சலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? நான் இல்லாத வீட்டில் என்னை நினைத்து தினமும் ஒருத்தர் பட்டனை அமுக்கியிருக்கிறார். திட்ட வாய் வரவில்லை. வராததில் இன்னும் எரிச்சல்.

நானே திரும்ப எழுதிப் பழகலாம் என்று உட்கார்ந்தால், எந்தப் பயிற்சியைத் திறந்தாலும் விடை தயாராக நிற்கிறது. முடித்த லெவலில் பழைய முயற்சிகளை அந்தத் தளம் துடைத்துவிடுமாம். மாடியில் உட்கார்ந்து நான் செய்த அத்தனை தப்பும் போய்விட்டது. என் சொந்தப் படிப்பு அதில்தான் இருந்தது. இப்போது எங்கு பார்த்தாலும் பச்சை டிக். 'முதலிலிருந்து தொடங்கு' என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை அமுக்கினால் சர்டிபிகேட்டும் ரத்தாகும். அதைப் பார்த்துத்தான் திண்டிவனத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். பாப்பாவை விட்டுவிட்டு வெளியூர் போக முடியாத எனக்கு இப்படி ஒரு வேலை இன்னொரு தடவை வருமா?

என்ன செய்யலாம் என்று கணவரிடம் கேட்டேன். "அப்ப டெஸ்ட்டுக்கு அம்மாவையே அனுப்பிடலாமா?" என்று சிரிக்கிறார். "நான் ரெடிப்பா, பஸ்ஸுல ஜன்னல் சீட்டு குடுத்தா போதும்" என்று உள்ளிருந்து அத்தை.

குழந்தை பெற்றபின் விட்ட படிப்பைத் திரும்பப் பிடித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்குச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதல் பயிற்சியில் உட்காரட்டுமா? இல்லை, திங்கட்கிழமை போய், வாய்ப்பாடு வரைக்கும்தான் எனக்குத் தெரியும் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டுமா? அழிப்பதுதான் சரி என்றால், அதை அத்தையிடம் எப்படிச் சொல்வது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பாடம் முடிந்தாலும் அந்தத் தளம் தினம் ஒரு பயிற்சி அனுப்புகிறது. இன்றைய பயிற்சியையும் அவர் காலையிலேயே முடித்துவிட்டார்.