கோட்டுக்குக் கீழே

பயணிகள் அந்த நடத்துநருக்கு வைத்த பெயர் அளவுகோல். பேருந்தின் முன்படிக்கு அருகே கம்பியில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. தலை அதற்குக் கீழே இருந்தால் அரை டிக்கெட். அரை டிக்கெட்டுக்கு இருக்கை கிடையாது, மடிதான். நகரத்து வழித்தடத்தில் இருந்தவரை அவர் கண்ணில் மண்ணைத் தூவ யாராலும் முடிந்ததில்லை. எட்டு வயதிலேயே கோட்டைத் தாண்டிய பிள்ளைகளுக்கு முழங்காலை மடக்கி நிற்கச் சொல்லிக் கொடுப்பார்கள் தாய்மார்கள். "தம்பி, காலை நிமித்து. உங்கம்மா உன்னை நல்லாத்தான் வளத்திருக்காங்க" என்பார். பேருந்தே சிரிக்கும். அவரிடம் அந்தப் பருப்பு வேகாது.

போன மாதம் அவரைக் கிராமத்து வழித்தடத்துக்கு மாற்றினார்கள். முதல் நாள் காலையில் ஒரு பெண் மகளோடு ஏறி, "ரெண்டு முழு டிக்கெட் குடுங்கண்ணே" என்றாள். மகள் அதற்குள் சன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளதைக் குறைத்துச் சொல்பவர்களையே பார்த்துப் பழகியவருக்கு மனம் இளகிவிட்டது. விவரம் தெரியாத சனம், நாமே எடுத்துச் சொல்வோம் என்று நினைத்தார். சிறுமியைக் கையைப் பிடித்து எழுப்பிக் கம்பியோரம் நிறுத்தினார். அவள் குதிகாலை உயர்த்தியும் தலை கோட்டுக்கு ஒரு சாண் கீழேயே நின்றது.

"பாருங்கம்மா, பாப்பாவுக்கு அரை டிக்கெட் போதும். மடியில வச்சுக்குங்க" என்றார், பேருந்து முழுவதும் கேட்கும்படி.

யாரும் சிரிக்கவில்லை.

"அவளுக்குப் பதிமூணு வயசுண்ணே" என்றாள் தாய். "மழை பொய்ச்ச வருசம் பொறந்தவ. பால் குடுக்கக்கூட எனக்குத் தெம்பில்ல. வளத்தி அப்படியே நின்னுபோச்சு."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. அவர் மகளுக்கும் அதே வயது. அம்மாவைத் தாண்டி வளர்ந்துவிட்டாள். பின்னால் நின்ற பள்ளிப் பிள்ளைகளை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். பெரிய வகுப்புப் புத்தகங்களோடு பாதிப் பேர் கோட்டுக்குக் கீழே நின்றார்கள்.

முழு டிக்கெட்டைக் கிழித்து நீட்டி, "உக்காரும்மா" என்றார். சிறுமி வாங்கிக்கொண்டாள், உட்காரவில்லை. பள்ளிக்கூடம் வரும்வரை முகம் சுண்டிப்போய் நின்றுகொண்டே வந்தாள்.

இறங்கும்போது திரும்பினாள். "மாமா, டவுன்ல என் வயசுப் பிள்ளைங்க எல்லாரும் இந்தக் கோட்டைத் தாண்டிட்டாங்களா?"

வேலையில் ஒருநாளும் பொய் சொல்லாதவர் அவர். "எங்கம்மா? முக்காவாசிப் பேரு உன் உயரந்தான். என் பொண்ணு உன்னைவிடக் குட்டை."



"பாவம் மாமா" என்றாள். "அவளை எல்லார் முன்னாடியும் நிறுத்திப் பாத்துராதீங்க."