குடலை இட்லியும் தொகை நுண்கணிதமும்

பிளஸ் டூ என்று ஒன்று புதிதாக வந்த வருஷம், ஊரில் மாணவிகளைவிட அதிகம் பயந்துபோனது எங்கள் சித்திதான். சித்தி என்றால் அம்மாவின் தங்கை. காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணம் ஆகவில்லை, எங்கள் வீட்டிலேயே இருந்தாள். ஒன்பதுக்கும் பத்துக்கும் தேற்றம் நடத்திக்கொண்டு நிம்மதியாக இருந்தவளைக் கூப்பிட்டு, இனிமேல் பதினொன்றாம் வகுப்புக்கு நுண்கணிதம் நடத்து என்று சொல்லிவிட்டார்கள். வகையிடலும் தொகையிடலும் அவள் கல்லூரியில் படித்து, பரீட்சை எழுதி, நல்லபடியாக மறந்தும் போனவை.

வகையிடல் எப்படியோ தள்ளாடித் தள்ளாடி நடந்து முடிந்தது. ஐயம்பேட்டை பஸ் இந்த நொடியில் என்ன வேகத்தில் போகிறது என்று சித்தி கேட்டதற்கு, "டிரைவரைத்தான் கேக்கணும் டீச்சர்" என்றாளாம் ஒருத்தி. இன்னொருத்தி, டி ஒய் பை டி எக்ஸில் மேலேயும் ஒரு டி இருக்கிறது, கீழேயும் ஒரு டி இருக்கிறது, இரண்டையும் அடித்துவிடலாமா என்று கேட்டாள். அன்று சாயங்காலம் சித்தி வைத்த காபி வைத்தபடி ஆறிப்போயிற்று. நான் அப்போது அதே பள்ளியில் ஆறாம் வகுப்பு. பின்னங்களில் அடித்துச் சுருக்கக் கற்றுக்கொண்டிருந்த புதுசு. அடித்தால்தான் என்ன என்று எனக்கும் தோன்றியது. சித்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

கணக்கு குரூப்பில் மொத்தமே ஏழு பெண்கள். ஏழில் ஒன்று குறைந்தாலும் குரூப்பை மூடிவிட்டு எல்லோரையும் வரலாறு குரூப்பில் போட்டுவிடுவேன் என்று தலைமையாசிரியை கறாராகச் சொல்லியிருந்தார். காலாண்டுப் பரீட்சை முடிந்த கையோடு ஒருத்தி சித்தியிடம் வந்து, நான் வேறு குரூப்புக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். முசரவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற அக்கா அவள். எனக்கு அவளைத் தெரியும். மற்ற அக்காக்கள் வராந்தாவில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போது, அவள் மட்டும் தண்ணீர்க் குழாய்க்கு அந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறப்பாள். அங்கே நிழல்கூடக் கிடையாது. வெயில் பிடித்தவள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

"நல்லா போடற பொண்ணுக்கா. கணக்கு வரலைன்னு சொல்லிக்கினு நிக்கறா" என்று சித்தி அம்மாவிடம் புலம்பினாள்.

"வரலைன்னா உட்டுத் தொலையேன்டி. நீ இன்னாத்துக்கு ஒடிஞ்சி போற?"

"அவளுக்கு வராதது கணக்கு இல்லக்கா" என்று சித்தி சொன்னாள். கணக்கு இல்லையென்றால் இங்கிலீஷாக இருக்கும் என்று நான் முடிவு செய்தேன். எனக்கும் அதுதான் வரவில்லை.

அது புரட்டாசி மாசம். கடைசி சனிக்கிழமைக்கு அம்மா, கோயிலில் செய்கிற மாதிரியே, பெருமாளுக்குக் குடலை இட்லி படைப்பாள். மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலையைப் பரப்பி, மிளகு, சீரகம், சுக்கு, நெய் எல்லாம் கலந்த மாவை ஊற்றி ஆவியில் வைத்தால், மேலே அகலமும் கீழே குறுகலுமாக, முழங்கை உயரத்துக்கு ஒரே இட்லி வரும். அது வேகிற வரைக்கும் அம்மா யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டாள். இட்லியில் அவள் கைக்கு எங்கள் தெருவில் ஈடு கிடையாது. அது அவளுக்கும் தெரியும்.

அந்த இட்லி முழுசாக எனக்கு வேண்டும் என்று சித்தி கேட்டாள். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ், தொகையிடல் ஆரம்பிக்கிறேன், இட்லியை வைத்துத்தான் நடத்தப்போகிறேன் என்றாள்.

"சாமிக்குப் படைக்கறதைக் கணக்குக்குப் படைக்கறியாடி?" என்றாள் அம்மா. ஆனாலும் தன் இட்லி பிளஸ் டூ வரைக்கும் போகிறது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான். படைத்து முடித்ததும் குடலையோடு என் கையில் தூக்கிக் கொடுத்து, யார் கையும் படாமல் பத்திரமாகக் கொண்டுபோ என்றாள். சூட்டைப் பொறுத்துக்கொண்டு நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போனேன்.

வகுப்பில் சித்தி மேஜைமேல் இட்லியைக் கவிழ்த்து இலையை உரித்தபோது, ஏழு அக்காக்களும் பாடத்தை மறந்து மூச்சை இழுத்தார்கள். கத்தியால் வெட்டினால் உதிர்ந்துவிடும் என்று தறிக்காரர் வீட்டு அக்கா ஒருத்தி பட்டு நூல் கொண்டுவந்திருந்தாள். நூலின் இரண்டு நுனியையும் இருவர் பிடித்து இழுக்க, இட்லி வெண்ணெய்போல அறுபட்டது. முதலில் நான்கு பெரிய துண்டுகள். ஒவ்வொரு துண்டின் சின்னப் பக்கத்து வட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்து, பரப்பைக் கண்டுபிடித்து, உயரத்தால் பெருக்கிக் கூட்டினார்கள். பத்தாம் வகுப்புச் சூத்திரம் போட்டு வந்த கன அளவைவிட நிறையக் குறைந்தது. சரிவாக இருக்கிற ஓரமெல்லாம் கணக்கில் விட்டுப்போயிற்று என்றாள் சித்தி. ஒவ்வொரு துண்டையும் இரண்டாக அறுத்தார்கள். விட்டுப்போனது குறைந்தது. மறுபடியும் அறுத்தார்கள். இன்னும் குறைந்தது. எனக்கு வாயில் எச்சில் ஊறிக்கொண்டிருந்தது. அளக்கிறவர்கள் இந்த வேகத்தில் போனால் எப்போது சாப்பிடுவது என்பதுதான் என் கவலை.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து முசரவாக்கத்து அக்கா எழுந்தாள்.

"இப்படியே மெல்லிசாக்கிக்கினே போனா ஒரு நேரத்துல துண்டே இருக்காதே டீச்சர். அப்புறம் எதைக் கூட்டறது?"

சித்தியின் முகம் மலர்ந்ததை அந்த வருஷத்தில் அன்றுதான் பார்த்தேன். "அதாம்மா கேள்வி! இத்தினி நாளா இதை ஒருத்தராச்சும் கேப்பீங்களான்னுதான் பாத்துக்கினு இருந்தேன்" என்றாள். துண்டு மெலிந்துகொண்டே போகும், ஆனால் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போகும், துண்டுதான் கண்ணுக்கு மறையுமே தவிர இட்லி எங்கேயும் போகாது என்று சொல்லி, தலையும் காலும் வளைந்த அந்தத் தொகைக் குறியைப் போர்டில் பெரிதாகப் போட்டாள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். அது பாவனைத் தலையாட்டல் இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

பிறகு சித்தி முசரவாக்கத்து அக்காவை முன்னால் கூப்பிட்டாள். "கேள்வி கேட்டவதான் பங்கு போடணும். எடுத்து எல்லாருக்கும் குடும்மா."

அவள் வந்தாள். மேஜை அருகில் நின்றாள். கை மட்டும் நீளவில்லை. ஒருத்தி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள், ஒருத்தி பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள். சித்தி இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டி, "முதல்ல எனக்கு" என்றாள். அந்த அக்கா ஒரு துண்டை எடுத்து வைத்தாள். சித்தி அங்கேயே நின்று அதை முழுவதும் தின்றாள்.

அடுத்துக் கை நீட்டியது நான். தீர்ந்துவிடப்போகிறதே என்ற பயம், வேறொன்றும் இல்லை. ஓரத்துண்டாகப் பார்த்துக் கேட்டு வாங்கி, இரண்டே வாயில் முடித்துவிட்டு இன்னொன்றுக்கும் கையை நீட்டினேன். சித்தி என் தலையைத் தடவிக்கொடுத்தாள். பேசாமல் உட்கார்ந்திருந்ததற்கு மெச்சுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பட்டு நூல் கொண்டுவந்த அக்கா எழுந்து வந்து, "எனக்கும் ஓரம்தான்" என்றாள். அதன்பின் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தி மட்டும் வாங்கி இலையில் மூடி வைத்துக்கொண்டாள், தின்னவில்லை. சித்தி அதைப் பார்த்தாள்.

வீட்டில் அம்மா, பாடம் எப்படி நடந்தது என்று ஆசையாகக் கேட்டாள். நான் ஒன்று விடாமல் சொன்னேன். யார் பங்கு போட்டது என்பதையும் சொன்னேன். அம்மா எழுந்து, சித்தி இருந்த சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டது.

"அவ கையால வாங்கியா தின்ன? புள்ளையையும் தின்ன வெச்சியா?"

"தின்னேன்க்கா. நல்லாத்தான் இருந்தது. நெய்தான் கொஞ்சம் கம்மி."

அம்மாவின் இட்லியைப் பார்த்து நெய் கம்மி என்று சொன்னால் அவள் சும்மா இருப்பாளா? குடலை பரணுக்குப் போயிற்று. அக்காவும் தங்கையும் பேச்சை நிறுத்தினார்கள். சோறு வேண்டுமா, குழம்பு வேண்டுமா என்பதெல்லாம் என் மூலமாகத்தான் நடந்தது. எனக்குச் சித்தியின் மேல்தான் கோபம். ஒரு வார்த்தை, நெய் சரியாக இருந்தது என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்?

அரையாண்டு முடிந்தது. ஏழு பேரும் ஏழு பேராகவே இருந்தார்கள், தொகையிடல் கேள்வியை எல்லோரும் தொட்டிருந்தார்கள். குரூப் பிழைத்தது. மார்கழியில் ஒரு நாள் சாயங்காலம் முசரவாக்கத்து அக்கா சித்தியைத் தேடி எங்கள் வீட்டுக்கு வந்தாள். சித்தி கடைக்குப் போயிருந்தாள். அவள் வாசற்படிக்குக் கீழேயே நின்றாள். அம்மாவும் உள்ளே வா என்று சொல்லவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர்கிட்ட மத்தப் பாடத்து மார்க்கும் சொல்லலாம்னு வந்தேம்மா." பிறகு கொஞ்சம் தயங்கி, "இட்லி நீங்கதான் செஞ்சீங்களாம்மா? என் பங்குல பாதியை இலையில சுத்தி எடுத்துக்கினு போயி எங்க அம்மாக்குக் குடுத்தேன்" என்றாள்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்: "உங்கம்மா இன்னா சொன்னாங்க?"

"கோயில் இட்லியெல்லாம் நாங்க துன்னதில்லம்மா. வாசனை கையிலயே நிக்குதுன்னு ராத்திரி வரைக்கும் மோந்துக்கினே இருந்தாங்க."

அவள் போன பிறகும் அம்மா நிலையைப் பிடித்தபடியே நின்றிருந்தாள். விளக்கு வைக்கிற நேரம் தாண்டியும் நின்றாள். நான் இரண்டு முறை கூப்பிட்டேன்.

சித்தி திரும்பி வந்தபோது அம்மா ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து குடலையை இறக்கிக்கொண்டிருந்தாள். சித்தியின் முகத்தைப் பார்க்காமல், குடலையிலிருந்த தூசியைத் தட்டியபடியே சொன்னாள்:

"சனிக்கிழமை கிளாஸ் இருக்குதாடி? இந்த வாட்டி நெய்யைத் தூக்கலா ஊத்தறேன். அந்தப் பொண்ணு வீட்டுக்குத் தனியா ஒண்ணு போடறேன், குடுத்தனுப்பு."

சித்தி பை கையிலிருக்க அப்படியே சுவரில் சாய்ந்து அழுதாள். ஒருவழியாக நெய்ச் சண்டை தீர்ந்ததே என்று எனக்கு ஒரே சந்தோஷம். இதற்குப் போய் யாராவது அழுவார்களா என்றும் தோன்றியது.