அம்மாவின் சப்பாத்தும் வெள்ளைக் கல் மலையும்

அன்றைக்கு ஏரிப் பூங்காவுக்குப் போனது அம்மா, தங்கை, நான். அப்பா வரவில்லை, பந்திங் பட்டணத்துக்கு லோரி ஓட்டிப் போயிருந்தார்.

எங்கள் வீட்டில் முதலில் பல்கலைக்கழகம் போனவன் நான். படித்தது நிலவியல். "கல்லப் படிச்சு என்னடா பண்ணப் போற?" என்று கேட்காத உறவினர் இல்லை. அம்மா மட்டும் கேட்டதில்லை. அவரிடம் நான் படித்த கல்லை, அந்தப் பூங்காவின் வெள்ளைக் கல் மலையில் ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

என் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த சப்பாத்தை மூன்று வருடமாகப் பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்த அம்மா, அன்றுதான் போட்டுக்கொண்டார். மலையில் பாதி ஏறும்போது, பெட்டிக்குள்ளேயே கிடந்து மக்கிப்போன அதன் அடிப்பாகம் இரண்டும் மாவாக உதிர்ந்து கழன்றன.

"மலை கோடி வருசமா நிக்குது. அண்ணன் வாங்குன சப்பாத்து மூணு வருசம் நிக்கல லா," என்று சிரித்தாள் தங்கை.

"இறங்கிடலாம்மா," என்றேன்.

"இவ்ளோ தூரம் வந்துட்டுப் பாக்காம போறதா? நடடா."

காலுறையோடு ஏறினார். மேலே போனதும் கீழே பச்சை ஏரி தெரிந்தது. அதன் கரையோடு வெள்ளைப் பாறை முகடு நீண்டு கிடந்தது. சுற்றியிருந்த பாறையெல்லாம் மழையில் கரைந்தும் குவார்ட்ஸ் என்ற இந்தப் படிகக் கல் மட்டும் கரையவில்லை என்று சொன்னேன். அம்மா பக்கத்தில் இருந்த அதே வெள்ளைப் பாறையைத் தடவிப் பார்த்தார்.

"இதையா நாலு வருசம் படிச்ச?"

"ஆமாம்மா."

"அழகாத்தான் இருக்கு. அடுத்த தடவ அப்பாவையும் இழுத்துட்டு வரணும்."

இறங்கியதும் அடிவாரக் கடையில் அம்மாவுக்கு ஒரு ரப்பர் சிலிப்பர் வாங்கினோம். ஆறு வெள்ளி ஐம்பது காசு.